சித்தியின் கையும் சிவப்புக் கார்ப்பெட்டும்

என் சித்தியின் கை கெட்டுப்போன கை என்று ஒரு ஆள் சொன்னார். அது பொய் என்று காட்ட அவர் காலில் இருந்த சாக்ஸே எனக்குப் போதுமானதாக இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். அதில் உருப்படியாகப் பயன்பட்டது இந்த ஒன்றுதான்.

எஸ்டிடி பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்த காலம். நாங்கள் ஜோகுபாளையத்தில் இருந்தோம். பூத்தில் பேசும் நேரத்தைக் காட்டும் மீட்டருக்குள் வைக்கிற சர்க்யூட் போர்டுகளை, தொம்மலூரில் ஒரு வீட்டு மாடியில் ஆறு பெண்கள் செய்துகொண்டிருந்தார்கள். ஐந்து பேர் உட்கார்ந்த இடத்தில் சால்டரிங் வைப்பார்கள். சித்தி மட்டும் ஹாலின் ஒரு கோடியிலிருந்த இரும்பு பீரோவிலிருந்து சிப்புகளை எடுத்துக்கொண்டு நடந்து வந்து, மறு கோடியில் போர்டுகளில் பொருத்துவாள். கைராசி பார்த்துத்தான் அந்த வேலையையே அவளுக்குக் கொடுத்தார்கள். அவள் கை பட்ட போர்டு திரும்பி வராது என்று ஓனரே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஓனர் ஹால் முழுக்கச் சிவப்பு நைலான் கார்ப்பெட் விரித்தார். பூஜை முடிந்தும் அதை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மார்கழி வந்து காற்று குளிர்ந்து வறண்டதும் பெண்கள் சாக்ஸ் மாட்டிக்கொண்டார்கள். போர்டுகள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின.

ஓனர் ஒயர்மேனை வரவழைத்தார். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். கடைசியில் சித்தியிடம் வந்தார். "கை கெட்டுப்போச்சு உனக்கு. இன்னும் ஒரு போர்டு செத்தா வீட்டுக்குப் போயிடு."

வேலை போவது எங்கள் வீட்டில் பெரிய விஷயமில்லை. அப்பாவுக்கு வருஷத்தில் இரண்டு முறை போகும். ஆனால் கை கெட்டுப்போச்சு என்ற பேச்சு தெருவரைக்கும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு வளைகாப்பில் சித்தி வளையலை எடுத்தபோது, ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே அதை அவள் கையிலிருந்து வாங்கித் தட்டில் வைத்துவிட்டாள். சித்தி வீட்டுக்கு வந்து, "வேலைய எடுத்துக்கட்டும். கையை எதுக்குச் சொல்றான்?" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

அந்த வாரம்தான் வகுப்பில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளைத் தூக்கிக் காட்டினார்கள். இரண்டு பொருள் உரசினால் ஒன்றிலிருந்து எலெக்ட்ரான்கள் இன்னொன்றுக்குப் போய்விடும். இழந்ததுக்கு பிளஸ், வாங்கியதுக்கு மைனஸ். புதிதாக எதுவும் உண்டாவதில்லை, இடம்தான் மாறுகிறது.

புதன்கிழமை அரைநாள் பள்ளி. சித்திக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ஷூவைக் கழற்றி, கார்ப்பெட்மேல் சாக்ஸோடு நடந்துபோய் பீரோவில் கை வைத்ததும் விரல் நுனியில் சுருக்கென்றது.

"பீரோ ஷாக் அடிக்குது சித்தி."

"அது தினம் அடிக்கும். ஒயர்மேன் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டான்."

அடிப்பது பீரோ இல்லை, நாம்தான் என்று எனக்குப் பட்டது. நேராக ஓனரிடம் போனேன். "சித்தி கையில ஒண்ணும் இல்ல சார். எல்லாம் உங்க கார்ப்பெட்லதான்."

"யாரும்மா இந்தப் பொண்ணு? சும்னிரு," என்று கன்னடத்தில் அதட்டினார். "பேசாம போய் விளையாடு."

நான் போகவில்லை. "நீங்க சாக்ஸோட காலைத் தேச்சுத் தேச்சு நடந்துபோய் பீரோவைத் தொடுங்க. ஒண்ணும் ஆகலைன்னா நாங்க ரெண்டு பேரும் போயிடறோம்."

சித்தி என் தலையில் ஒரு குட்டு வைப்பாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த சிப்பைக் கீழே வைத்துவிட்டு, "நடங்க சார்," என்றாள்.

அவர் எங்களுக்கு வேடிக்கை காட்டுவதுபோல நடந்தார். பீரோவைத் தொட்டார். கையை உதறிக்கொண்டு, கன்னடத்தில் தன் அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஐயோ சார், உங்க கையும் கெட்டுப்போச்சா?" என்றாள் சால்டரிங் மேசையிலிருந்து ஒருத்தி. ஐந்து பேரும் சிரித்தார்கள்.

நான் விடாமல் சொன்னேன். சாக்ஸும் கார்ப்பெட்டும் உரசி எலெக்ட்ரான் இடம் மாறுகிறது. மற்றவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், சித்தி ஒருத்திதான் நாளெல்லாம் நடக்கிறாள். அவள் உடம்பில் சேர்ந்தது, சிப்பைப் போர்டில் வைத்ததும் அதன் வழியாகப் பாய்கிறது. பீரோ தாங்கும், சிப் செத்துவிடும்.

சித்தி அவர் முன்னால் வந்து நின்றாள். "இப்பச் சொல்லுங்க சார். என் கை எப்படி?"

அவர் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"எல்லாருக்கும் கேக்கட்டும் சார்."

"கை சரியாத்தாம்மா இருக்கு," என்றார். கார்ப்பெட்டை உடனே சுருட்டச் சொன்னார். சாயங்காலம் வரை பொருத்திய போர்டுகளில் ஒன்றுகூடச் சாகவில்லை.

ஐந்தரை மணிக்கு நாங்கள் கிளம்பினோம். சித்தி கையை வீசிக்கொண்டு நடந்தாள். அவள் பைக்குள், வேலைக்குப் போட ஓனர் கொடுத்திருந்த வெள்ளைக் கோட் இருந்தது.

"கோட் எதுக்கு சித்தி?"

"தோய்க்க."

"சனிக்கிழமைதானே தோய்ப்பே?"

"இன்னிக்கே தோய்ச்சுடறேன். காஞ்சதும் நீ கொண்டுபோய் ஓனர்கிட்ட குடுத்துட்டு வந்துடு."

நாம் ஜெயித்துவிட்டோம் என்ற குதூகலத்தில் சரி என்று தலையாட்டினேன். அவளே ஏன் கொண்டுபோகவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.