நாளைக்கு வரேன் சார்

இது நடந்தது. கதை கட்டுகிற ஆள் நான் இல்லை. ஓர் அச்சகத்தில் பதினெட்டு வருடமாகப் பிழை திருத்துகிறேன். அடுத்தவர் எழுதியதில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் என் கண்ணில் படும். என் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு வரியைத்தான் இன்றுவரை திருத்த முடியவில்லை.

எங்கள் வீட்டின் பின்பக்கம் மரப்பலகை போட்ட தளம் ஒன்று உண்டு. முழங்கால் உயரம், இறங்க மூன்று படி. மனைவி அதை டெக் என்பாள். அப்பாவுக்கு அது வெறும் ‘பலகை’. தினமும் மாலை நான்கு மணிக்கு வாக்கரைப் பிடித்துக்கொண்டு போய் அங்கே நாற்காலியில் உட்கார்ந்தால், இருட்டிய பிறகுதான் எழுந்திருப்பார். எண்பத்தொரு வயதில் அவருக்கென்று மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான்.

அந்தப் பலகைகள் மழையில் ஊறி இற்றுப்போய்க்கொண்டிருந்தன.

“ஒருநாள் மாமா கால் உள்ள போகப் போகுது. அப்புறம் தலையில கை வெச்சுக்கிட்டு உட்காருங்க,” என்றாள் மனைவி.

எங்கள் பகுதியில் மரவேலை காண்ட்ராக்டர் என்று இருந்தது ஒரே ஒருவர். சொந்தப் பெயர் என்னவோ, தெருவுக்கே அவர் ‘நாளைக்கு’. எப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வார் என்பதால் அந்தப் பெயர். ஆள் வருவதற்கு முன்னால் அவருடைய மொபெட் சத்தம் வந்துவிடும். சைலன்சர் ஓட்டை.

வந்தார். ஒவ்வொரு பலகையையும் சுத்தியலால் இரண்டு முறை தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். நல்ல பலகை ‘டொக் டொக்’ என்றது. இற்றது ‘பொத் பொத்’ என்றது. இற்றதில் மட்டும் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டார்.

“பதிமூணு போச்சு சார். மத்தது தாங்கும்.”

“எப்ப ஆரம்பிப்பீங்க?”

“நாளைக்கு வரேன் சார். உங்க நம்பர் சொல்லுங்க... பேரு?”

“பேரை விடுங்க. அவசரம். அதை ஞாபகம் வெச்சுக்கங்க.”

சிரித்தபடி ‘அவசரம்’ என்றே செல்போனில் பதிந்து எனக்குக் காட்டினார். நானும் அவரை ‘நாளைக்கு’ என்று பதிந்துகொண்டேன். இரண்டு பேருக்கும் பொருத்தமான பெயர்தான்.

ஐந்து வாரம் ஓடியது. முப்பது தடவையாவது கூப்பிட்டிருப்பேன். முப்பது ‘நாளைக்கு’ கிடைத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அப்பாவின் வலது கால் பலகையை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. வீட்டில் யாரும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் வந்து தூக்கியபோது முழங்கால் வரை ரத்தம் காய்ந்திருந்தது. “உனக்கு வேலை இருக்கும்னு கூப்பிடலை,” என்றார். அவர் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாலை 6:14. போனை எடுத்து ‘நாளைக்கு’வைக் கூப்பிட்டேன். இரண்டு முறை மணி அடித்ததும் எடுத்துவிட்டார். ஐந்து வாரம் ‘நீங்க’ போட்டவன் அன்றைக்கு ‘நீ’ போட்டேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். கடைசியாகச் சொன்னது இது:

“நீ செத்தாலும் சரிய்யா. நாளைக்கு வந்து இந்த வேலையை முடிச்சுட்டு அப்புறம் சாவு.”

அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் இல்லை. காற்று இல்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

“சரி சார்... வரேன்.”

அழைப்பு நாற்பத்தேழு வினாடி.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். மனைவி வேலைக்குப் போய்விட்டாள். அப்பாவைப் பின்வாசல் கதவுக்கு உள்ளேயே நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தேன். மாலை 4:05க்குப் பின்பக்கம் சத்தம் கேட்டது.

டொக்... டொக்...

மொபெட் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். ஆள் மண்டியிட்டு வேலை செய்துகொண்டிருந்தார். மூன்று பலகை ஏற்கெனவே கழன்றிருந்தது.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. கத்தினால்தான் இவர்களிடம் வேலை நடக்கும் போலிருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த நினைப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அவர் தலை இடது தோள் பக்கம் சாய்ந்திருந்தது. பலகை நேராக இருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்தேன். ஒரு காலில் செருப்பு இருந்தது. மற்றக் காலில் இல்லை. சட்டைப் பையில் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது.

“போன் அடிக்குது பாருங்க.”

“எடுக்க முடியாது சார். ஒரு கை பிடிக்கணும்.”

பிடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

ரம்பம் போய் வந்தது. மரத்தூள் விழவில்லை. சுத்தியல் ஆணியில் படுவதைக் கண்ணால் பார்த்தேன். சத்தம் ஒரு நொடி கழித்து வந்தது... தெருக் கோடியில் யாரோ அடிப்பது மாதிரி. அவர் என்னிடமிருந்து ஆறடி தூரத்தில் இருந்தார்.

உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார்.

“டேய், அந்தத் தம்பியைக் கொஞ்சம் படுக்கச் சொல்லு. கழுத்து ஒடிஞ்சு தொங்குது பாரு.”

“வேலை பாக்கறார்ப்பா.”

“வலிக்கும்டா அவனுக்கு.”

5:50. வெளிச்சம் குறைந்தது. அவர் தளத்துக்கு அடியில் ஊர்ந்து போனார்.

6:05. அடியிலிருந்து தட்டும் சத்தம். முதலில் படிப் பக்கம். பிறகு நடுவில். பிறகு... சரியாக என் காலுக்குக் கீழே.

டொக். டொக்.

குனிந்து பலகை இடுக்கில் பார்த்தேன். மண் மட்டும்தான் தெரிந்தது.

ஆள் இல்லை.

தட்டும் சத்தம் நிற்கவில்லை.

6:14. என் போன் அடித்தது. திரையில் ‘நாளைக்கு’.

காதில் வைத்தேன்.

என் குரல்.

“நீ செத்தாலும் சரிய்யா...”

என் குரல்தான். என் மூச்சுதான்.

“...முடிச்சுட்டு அப்புறம் சாவு.”

போன் விழுந்தது. நிமிர்ந்தேன்.

அவர் படிக்குக் கீழே நின்றிருந்தார். தலை சாய்ந்தபடியே.

“பன்னெண்டு ஆச்சு சார். ஒரு பலகை குறையுது.”

சுத்தியலை இடுப்பில் செருகினார்.

“நாளைக்கு வரேன் சார்.”

வீட்டு மூலை திரும்பினார்.

மொபெட் சத்தம் கேட்கவே இல்லை.

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. பயத்தில் நானும் அதிகம் விசாரிக்கவில்லை. பன்னிரண்டு பலகை புதிதாக, ஒரு மயிரிழை பிசகாமல் பதிந்திருந்தது. பதின்மூன்றாவது மட்டும் சாக்கட்டிக் குறியோடு அப்படியே கிடந்தது. அப்பா உட்காரும் இடத்துக்கு நேர் முன்னால்.

மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் தளத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பக்கத்து ஊரிலிருந்து வேறொரு தச்சரை அழைத்து வந்தேன். மீதி இருந்தது அரைமணி வேலை. புதுப் பலகைகளைத் தடவிப் பார்த்தவர் முகம் மாறியது.

“யார் சார் போட்டது இது? ‘நாளைக்கு’ கை வேலை மாதிரியே இருக்கு.”

“அவர்தான் போட்டார்.”

“எப்ப?”

“போன மாசம் கடைசி புதன்கிழமை.”

தச்சர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவரை அடக்கம் பண்ணோம் சார். ஒரு பக்கம் நான்தான் தூக்கினேன்.”

செவ்வாய்க்கிழமை மாலை ஒரு மாடி வீட்டில் கூரைப் பலகை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கீழே ஏணியைப் பிடித்தவர் இந்தத் தச்சர்தான். மேலே நின்ற ‘நாளைக்கு’வின் சட்டைப் பையில் போன் அடித்திருக்கிறது. எடுத்துத் திரையைப் பார்த்து, “இவர்கிட்ட இன்னைக்கு நல்லா வாங்கப் போறேன்” என்று சிரித்திருக்கிறார். ஒரு கை ஏணியை விட்டிருக்கிறது.

“ஒரு செருப்பு ஏணியிலேயே மாட்டிக்கிச்சு சார். கழுத்துதான் முதல்ல பட்டுது. ஆள் அப்பவே போயிட்டார். போன் மட்டும் பக்கத்துல கிடந்து அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.”

“யாரு கூப்பிட்டது?”

“தெரியலை. ‘அவசரம்’னு போட்டிருந்துச்சு.”

நான்தான் அது என்று அந்த மனிதரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கடைசியாக ஒன்று மட்டும் கேட்டேன்.

“அந்தப் போனை யாராவது எடுத்தீங்களா?”

“யாரும் எடுக்கலை சார். அடிச்சு அடிச்சுத் தானா நின்னுடுச்சு.”

என் போனில் அந்த அழைப்பு இன்னும் இருக்கிறது. செவ்வாய், 6:14. பேசிய நேரம் நாற்பத்தேழு வினாடி.

தச்சர் ஒருவழியாக எழுந்து, பதின்மூன்றாவது பலகையைச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார்.

பொத். பொத்.

அடியிலிருந்து பதில் வந்தது.

டொக். டொக்.

அவர் என்னைப் பார்த்தார். சாமான்களைப் பைக்குள் போட்டார். “நாளைக்கு வரேன் சார்,” என்றார். அவர் வரவே இல்லை. வருவார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

அதன் பிறகு நானே ஒரு பலகை வாங்கி, நானே அடித்தேன். காலையில் பார்த்தால் பழைய பலகை அதன் இடத்தில் இருந்தது. புதுப் பலகை சுவரோரம் சாய்ந்திருந்தது. நான் கோணலாக அடித்த ஆணிகளைப் பிடுங்கி, நேராக நிமிர்த்தி, வரிசையாக வைத்திருந்தது. அப்பாவை இப்போதெல்லாம் பின்பக்கம் விடுவதில்லை. அவர் முன்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இருந்த ஓர் இடமும் என்னால் போயிற்று.

நேற்று மாலை 6:14க்கு அந்தப் பலகைக்கு முன்னால் மண்டியிட்டேன். முதல் தடவையாக மனதார மரியாதையோடு பேசினேன்.

“நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க. தப்பு என்னுதுதான். வேலை முடிஞ்சுடுச்சுன்னு வெச்சுக்கங்க. நீங்க போகலாம்.”

சத்தம் இல்லை.

“போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.”

நம் வீடுகளில் கிளம்புகிற யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. சொன்னால் திட்டுவோம், திருத்துவோம். நானே எத்தனையோ பேரைத் திருத்தியிருக்கிறேன். நேற்று அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக் கிடந்தேன்.

பலகைக்கு அடியில், என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்...

“வரேன் சார்.”