மலை மறைத்தால் ஆட்டம் நிற்கும்

எதிர்வீட்டு இரும்புக் கேட்டுக்குப் பச்சை பெயின்ட் அடிக்கிறார்கள். வெயிலில் காயும் அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குத் தலைவலிக்கு முன்னால் எரிச்சல் வருகிறது. எங்கள் டென்னிஸ் கோர்ட்டில் சிமென்ட் போட்டு, அதன்மேல் பச்சை பூசிய கோடையின் நெடி அது.

செஞ்சியில் டென்னிஸா என்று கேட்பார்கள். ஒரே ஒரு கோர்ட், அதுவும் மண். சாயங்காலம் அங்கே ஆடியது இரண்டு பேர்தான்: நானும், மேல்சித்தாமூரிலிருந்து வந்து கடைத்தெருவில் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, வியாபாரம் செய்யும் ஒருவரும். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணா என்று கூப்பிடுவேன். சமணர், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். அதில் எனக்கென்ன குறை? குறை ராஜகிரியால் வந்தது. கோர்ட்டுக்கு மேற்கே அந்தக் கோட்டை மலை. சூரியன் அதன் பின்னால் போன நொடியில் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார். பொழுது இன்னும் போகவில்லை, மலைதான் மறைக்கிறது என்று எவ்வளவோ வாதாடியிருக்கிறேன்.

"மல மறச்சுட்டா பொழுது எப்ப போவுதுன்னு தெரியாதுபா, அதுக்குள்ள சாப்ட்டுடணும்" என்பார், தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே.

மண்ணில் ஆட்டம் முடியவே முடியாது. அவர் கோட்டுக்கு வெகு பின்னால் நின்று பந்தைக் கீழாகச் சீவி அனுப்புவார். அது பொத்தென்று விழுந்து, எழ மனமில்லாமல் கிடக்கும். குனிந்து தோண்டி எடுத்து நான் ஓங்கி அடித்தால் பாதி வேகத்தை மண் தின்றுவிடும். மீதிப் பாதியை அவர் புழுதி கிளம்பச் சறுக்கிப் போய் எடுத்துவிடுவார். நாலுக்கு நாலில் மலை மறைக்கும். மறுநாள் அதே நாலுக்கு நாலிலிருந்து தொடங்குவோம், எங்களுக்குள் அப்படி ஒரு சட்டம். மழை பெய்தால் சேறு, சுண்ணாம்புக் கோடு ஓடிப்போகும், உருளை இழுத்து முதுகு போகும். மண்ணை நான் ஒருநாளும் கொஞ்சியதில்லை.

சிமென்ட் யோசனையைக் கிளப்பியதே அண்ணன்தான். ஆட்டம் சீக்கிரம் முடியும், நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டார். காலையில் ஆட வருகிறவர்களிடமெல்லாம் அவரே பேசிச் சம்மதம் வாங்கினார்.

முடிந்தது. ஆட்டம் சீக்கிரமாகவே முடிந்தது. சிமென்ட்டில் பந்து டக்கென்று குத்தி, அவர் திரும்புவதற்குள் பின்சுவரில் மோதியது. அவர் சீவிய பந்தோ இடுப்புயரம் எழும்பி, வா, அடி என்று எனக்காகக் காத்து நின்றது. அவர் சறுக்கப் பார்த்தால் ஷூ தரையைப் பிடித்துக்கொண்டது. இரண்டு முறை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். நான் ஜெயித்தேன். தினமும் ஜெயித்தேன். நாலு அடியில் ஒரு பாயின்ட், வியர்ப்பதற்குள் ஒரு செட். இதற்கா சாயங்காலம் முழுக்கக் காத்திருந்தேன்? மலைக்கு மேல் சூரியன் இன்னும் உயரத்தில் நிற்க, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் இருவரும் மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். அவர் பாக்ஸைத் திறக்கக்கூட அவசரப்படுவதில்லை.

கொஞ்ச நாளில் கடையில் சரக்கு வந்திருக்குது, வலி இருக்குது என்று வராமல் இருக்கத் தொடங்கினார். ஒருநாள் சாயங்காலம், மட்டையை உறையில் போட்டபடி, இனிமேல் வரப்போவதில்லை என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"நீதான சிமென்ட்டு சிமென்ட்டுன்னு ஊரெல்லாம் சொல்லினு திரிஞ்ச? இப்ப நான் யார்கூட ஆடறது, செவுத்துகூடயா?"

"செவுரு உன்ன நல்லா ஓட வுடும். என்னால அது முடியில."

கோபத்தில் என் பையைத் தலைகீழாகக் கொட்டினேன். புதுப் பந்துகளோடு, அடியில் கிடந்த பழசு ஒன்றும் உருண்டது. மண் கோர்ட்டுக் காலத்தது. செம்மண் ஏறி, காற்று இறங்கி, அமுக்கினால் குழிந்தது. அதை எடுத்து, உறையோடு நின்றவர் பக்கம் வேண்டுமென்றே அடித்தேன். சிமென்ட்டில் பட்டும் அது பொத்தென்றது. முழங்காலுக்கு மேல் எழவில்லை. அவர் பந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உறையைக் கழற்றினார்.

அவர் சீவ, நான் குனிய, அவர் இழுக்க, நான் ஓட, எனக்கு மூச்சு இரைத்தது. சறுக்கத்தான் முடியவில்லை, அதற்குப் பதில் குட்டிக் குட்டியாக அடி வைத்துப் போனார். முதல் கேமே டியூஸுக்கும் அட்வான்டேஜுக்குமாக இழுத்துக்கொண்டே போனது. மறுபடி டியூஸ், சமநிலை. நான் சர்வீஸ் போடக் கையைத் தூக்கினால் எதிரே ஆளில்லை. மரத்தடியில் டிபன் பாக்ஸ் மூடி திறக்கும் சத்தம். ராஜகிரி சூரியனை விழுங்கியிருந்தது.

இன்னும் வெளிச்சம் இருக்கிறது, இரண்டே பாயின்ட்டில் முடித்துவிடலாம் என்று கத்தினேன். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். என்ன மனுஷன் இவர்.

கை கழுவி, வண்டியை உதைத்துக் கிளப்பியவர், கேட்டருகே நிறுத்தித் திரும்பினார்.

"நாளிக்கும் அந்தச் செத்த பந்தயே எடுத்துனு வா. டியூஸ்ல நிக்குது, மறந்துடாத."