என் பெயரில் படித்தவன்

இங்கே என் வேலை எட்டிப் பார்ப்பது. காலை எட்டு மணிக்குக் கையில் ஒரு தாளோடு பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குள் போய், வகுப்பறைக் கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே பார்ப்பேன். ஃபுட்பால் ஆடும் பையன்கள் உட்கார்ந்திருந்தால் டிக், இல்லாவிட்டால் வட்டம். கிளாஸ் செக்கர் என்று இந்த வேலைக்குப் பெயர். நர்ஸ் வேலைக்கு விசா கிடைத்த என் மனைவி தேவகியோடு மூன்று வருடத்துக்கு முன் இந்த அமெரிக்க ஊருக்கு வந்தேன். சுற்றிலும் சோளக்காடு, நடுவில் ஊரையே விழுங்குகிற மாதிரி ஒரு ஸ்டேடியம். பனிக்காலக் காலையில் தாழ்வாரங்களில் ஆளே இருக்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாத்தியாரின் உதடு அசையும், சத்தம் வராது. பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டே வரும்போது சில நாள் என் கண் யாரையோ தேடும். என்னைத்தான் தேடுகிறேன் என்று புரிகிறபோது முதுகு சில்லிடும்.

இந்த வேலைக்கான நேர்காணலில் கரோல் என்ற மேலாளர் அம்மாள், நான் வரலாற்றில் பட்டம் வாங்கியவன் என்பதைப் பார்த்துவிட்டு, “உங்களுக்குப் பிடித்த பீரியட் எது?” என்று கேட்டார். எந்த நூற்றாண்டு பிடிக்கும் என்று கேட்கிறார் என எனக்கு உறைக்கவில்லை. “காலை முதல் பீரியட்” என்றேன். நல்ல நகைச்சுவை என்று சிரித்து வேலையைக் கொடுத்துவிட்டார். அந்த முதல் பீரியடில் நான் ஒரே ஒருநாள்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

எனக்குச் சொந்த ஊர் கவரைப்பேட்டை. அப்பாவுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருட்டும் ஆலையில் வேலை. நான் கபடியில் ரெய்டுக்குப் போனால் மூன்று பேராவது தொடுபடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பக்கத்திலிருந்த ஒரு தனியார் கல்லூரி என்னைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் சும்மா, மாதா மாதம் பி.டி. மாஸ்டர் ஒரு பணக் கவர் கொடுப்பார். வகுப்புக்கு எப்போது போக வேண்டும் என்று கேட்டேன். “அத நாங்க பாத்துக்குறோம். நீ கிரவுண்டுக்கு வா” என்றார். ஒன்றரை வருடம் அதன் பாட்டில் ஓடியது. எங்கே டோர்னமெண்ட் நடந்தாலும் என் வருகைப் பதிவு மட்டும் நூற்றுக்கு நூறாக இருந்தது. யாரோ கிளார்க் பேனாவால் போடுகிறார் என்று நினைத்திருந்தேன்.

அப்போது நான் லீவில் வீட்டுக்கு வந்திருந்த ஒருநாள் அப்பா ரயிலில் எங்கள் வரலாற்று வாத்தியாரோடு பேசிக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முகத்தையே பார்த்தார்.

“ஏழுமல, நீ எப்பொ கண்ணாடி போட்ட?”

“இன்னாபா சொல்ற? நான் எங்க கண்ணாடி போட்டேன்?”

“உங்க வாத்தியாரு சொல்றாரு. முன் பெஞ்சுல கண்ணாடி போட்டுக்கினு உக்காந்து எல்லா கேள்விக்கும் பதில் சொல்றியாமே.”

வேறு யாரையோ சொல்லியிருப்பார் என்று சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அப்பாவின் பார்வை இரண்டு நாள் என்னை விட்டு இறங்கவில்லை. அந்த வாரமே கணுக்கால் பிசகி, ஆட முடியாமல் போயிற்று. ஹாஸ்டலில் சும்மா கிடந்தவன் காலை முதல் பீரியடுக்கு நொண்டி நொண்டிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வாத்தியார் பெயர்களைக் கூப்பிட்டார். “நாற்பத்தொண்ணு, ஏழுமலை.” நான் வாய் திறப்பதற்குள் முன் பெஞ்சிலிருந்து, “பிரசன்ட் சார்” என்று ஒரு குரல். ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒருவன். யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் வாத்தியார் என்னைக் கவனித்து, “நீ யாருப்பா?” என்றார். என் பெயர் நாக்கின் நுனி வரை வந்தது. அந்த அறையில் அது இன்னொருவனுடையது என்று எப்படியோ தோன்றிவிட்டது. “கபடி டீம் சார்” என்றேன். “சரி, உக்காரு” என்று பாடத்தைத் தொடங்கினார்.

வெளியே வந்ததும் அவன் ஓடி வந்து என் கையைப் பிடித்தான். பெயர் முனிரத்தினம், எங்கள் ஊர்ப் பக்கம்தான். தகப்பன் இறந்து, ப்ளஸ் டூவோடு படிப்பு நின்று, மதிய ஷிஃப்ட்டில் ஆலை வேலைக்குப் போகிறவன். கல்லூரி அட்டெண்டர் அவனுக்கு மாமா முறை. காலி இடத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும் என்று மாமா சொன்னதும், சம்பளம்கூடக் கேட்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

“என்ன மாட்டி உட்றாதபா. நீ ஆடிக்கினு இரு, நான் படிச்சிக்கினு இருக்கேன். யாருக்கு இன்னா நஷ்டம்?”

நான் தலையாட்டினேன். அதுதான் நான் செய்தது. பரீட்சையும் அவனே எழுதினான். கால் சரியான பிறகு மைதானத்துக்குப் போகும் வழியில் வகுப்பு ஜன்னலோரம் நின்று, உள்ளே நான் படித்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பேன். அவன் எழுதும்போது என் வலது கை லேசாக இழுக்கும். யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் வருடம் முழங்கால் போயிற்று. வலிக்கிறது, இரண்டு ஆட்டம் லீவு வேண்டும் என்று கேட்டபோது பி.டி. மாஸ்டர், “சம்பளம் வாங்குறவன் லீவு கேக்கக் கூடாது” என்றார். ஆடி, ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் என்று ஆனபோது அதே வாயால், “நீ ஸ்டூடண்டுப்பா, வேலைக்காரனா இருந்தா கம்பெனி பாக்கும்” என்றார். ஒரே ஆளை வேண்டியபோது தொழிலாளி ஆக்கவும் வேண்டாதபோது மாணவன் ஆக்கவும் முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இங்கே அமெரிக்காவில் சம்பளம் என்ற சொல்லையே யாரும் உச்சரிப்பதில்லை. ஸ்காலர்ஷிப் என்பார்கள். ட்வைன் என்று ஒரு பையன், முட்டியில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு வகுப்பில் கண்ணைத் திறந்தபடியே தூங்குவான். ஒருநாள் வெளியே வந்தவனிடம், பாடம் புரிந்ததா என்று அக்கறையாகத்தான் கேட்டேன். முகம் வெளுத்து, “நான் உள்ளேதானே இருந்தேன்? டிக் போடவில்லையா?” என்றான். அவனை மாணவன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இல்லை என்று சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை.

போன வருடம் ஊருக்குப் போனபோது பட்டச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனேன். சிப்காட்டில் அவன் வேலை பார்த்த ஆலை வாசலில் காவலாளியிடம் முனிரத்தினம் என்று கேட்டேன். அப்படி யாரும் இல்லை என்றார். கண்ணாடி போட்டிருப்பான் என்றதும், “அட, ஏழுமலய கேக்கிறியா? ரெஜிஸ்டர்லதான் முனிரத்தினம்னு இருக்கும்” என்று உள்ளே ஆள் அனுப்பினார். கல்லூரியில் அவன்கூடப் படித்த இரண்டு பேர் அதே ஆலையில் சேர்ந்திருக்கிறார்கள், அவர்கள் கூப்பிட்ட பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவன் வந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கவரைப்பேட்டையில் அவன் வீட்டுக்கே கூட்டிப்போனான். சான்றிதழை அவன் கையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தான்.

“இத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? உன் பேரு போட்டுக்கீது.”

“படிச்சது நீதானே.”

“அது இப்பொதான் தெரிஞ்சுதா?” குரல் உயர்ந்தது. “மூணு வருசம் பயந்துக்கினே உக்காந்திருந்தேன். உனுக்குக் காசும் குட்த்தாங்க, என் படிப்பையும் குட்த்தாங்க. நீ ஃபாரின் போய்ட்ட.”

நான் என் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக் காட்டினேன். அந்தத் தழும்பைப் பார்த்து அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டான். அவன் மனைவி டீ கொண்டு வந்து வைத்தாள். குடித்து முடித்தோம். பிறகு சான்றிதழை உறையில் போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தான். கிளம்பும்போது சுவரில் மாட்டியிருந்த கடைசி வருட வகுப்புப் படத்தைக் கழற்றி, “இதுலயும் உன் பேரு இருக்குது. ஒரு காப்பி எடுத்துக்க” என்றான். ஸ்டேஷன் பக்கம் ஸ்டூடியோவில் போட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போது அது எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. கிண்டர்கார்டன் போகும் மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியிருக்கிறாள். போன ஞாயிறு நாற்காலியில் ஏறி நின்று, கீழே அச்சிட்ட ஆங்கிலப் பெயர்களில் என் பெயரைக் கண்டுபிடித்தாள். விரலை மேலே நகர்த்தி, வரிசையை எண்ணி, இரண்டாம் வரிசையில் கண்ணாடி போட்டவன் மேல் வைத்து, திரும்பி என்னைப் பார்த்தாள்.

“இது நீங்க இல்லையே. நீங்க எங்க இருக்கீங்க?”

பக்கத்தில் போய் நின்றேன். படத்தின் வலது ஓரத்தில், மதிலுக்கு அப்பால், வெயிலில் வெளுத்த செம்மண் மைதானம் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. அதில் ஆளே இல்லை. அங்கே விரலை வைத்தேன்.