என் வாக்கில் அவள் பங்கு

2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. வெயில் வரவில்லை. ரப்பர் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. நானும் என் மனைவியும் பிரதேச சபைத் தேர்தலில் வாக்களிக்கப் புறப்பட்டோம். இப்படி எழுதுவது பிழை. வாக்களிக்கப் போனவன் நான். அவளுக்கு வாக்கு கிடையாது. அவள் இந்த நாட்டுப் பிரஜை அல்ல.

குருவிட்டைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் மேல் பிரிவில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் ஐந்தாம் காம்பரா அறையில் பிறந்தவள் அவள். என் தாய்மாமன் மகள். இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் தோட்டத் தமிழரான எங்களை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்தபோது மாமா இந்தியாவுக்குப் போவதாக எழுதிக் கொடுத்தார். அவளுடைய பதினான்காம் வயதில் குடும்பத்தில் ஏழு பேரும் தலைமன்னாரில் கப்பலேறிக் கோத்தகிரி போய்ச் சேர்ந்தார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து, எனக்கு வாழ்க்கைப்பட்டுத் திரும்பி வந்தபோது அவள் கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. என் கையில் ஒன்றும் இல்லை. நான் அப்போது எந்த நாட்டுக்காரனும் அல்ல. எனக்குக் குடியுரிமை வந்தது முப்பத்தேழு வயதில். ஆகவே கலியாணமான முதல் இரண்டு வருடம் எங்கள் வீட்டில் நாடு உள்ள ஆள் அவள் ஒருத்திதான். அதை அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

பிறகு நிலைமை மாறியது. நான் பிரஜை, அவள் வீசாவில் இருப்பவள். இதுவரை முப்பத்தொரு தடவை கொழும்புப் பக்கம் போய் வீசா புதுப்பித்திருக்கிறோம். விண்ணப்பித்தால் குடியுரிமை கிடைக்கும் என்று கிராம சேவகர் முதல் எல்லோரும் சொன்னார்கள். மூன்று தடவை நானே படிவத்தை நிரப்பி நீட்டினேன். அவள் கையெழுத்துப் போடவில்லை. கோத்தகிரியில் அவள் அம்மா உயிரோடு இருந்தவரை அது ஒரு காரணமாக இருந்தது. அம்மா போன பிறகு வேறொன்று சொன்னாள்.

"நான் பொறந்த காம்பரா இன்னும் அங்கேயேதான் இருக்கு. என்னைய கேக்காம அனுப்பினாங்க. இப்ப நான் போயி கேக்கணுமா?"

முப்பத்தாறு வருடம் தோட்ட ஆபீசில் செக்ரோல் என்ற தொழிலாளர் பேரேடு எழுதியவன் நான். பேர் போட வேண்டிய இடத்தில் பேர் இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவளோ நன்றாகத் தூங்குவாள்.

எனக்கு வாக்கு வந்த பிறகு நடந்த முதல் பிரதேச சபைத் தேர்தலின்போது அவள் ஒரு ஒழுங்கு செய்தாள். அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்.

"ஜனாதிபதி, பாராளுமன்றமெல்லாம் நீங்க வச்சிக்கங்க. அது நாட்டு விசயம். நான் வெளிநாட்டுக்காரி. பிரதேச சபை எனக்கு. தண்ணிக் கொழாயி, குப்ப, பாதையெல்லாம் நான் பாக்குறது. ஆபீஸ்ல ஃபேனுக்கு கீழ ஒக்காந்திருக்கவருக்கு அதுல என்ன தெரியும்?"

நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து பிரதேச சபைத் தேர்தல் வந்தால் எந்தச் சின்னத்துக்கு எதிரே புள்ளடிக் குறி என்பதை அவள் சொல்வாள், நான் போட்டுவிட்டு வருவேன். அவள் என்னோடு வந்து வாக்குச்சாவடியான பாடசாலைக்கு வெளியே பலா மரத்தடியில் குடையோடு உட்கார்ந்திருப்பாள். சட்டம் படித்தவர்கள் இதை ஒப்புவார்களா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவில்லை.

ஒரு தடவை, நான் வெளியே வந்தபோது இடது சுண்டு விரலில் மை இன்னும் ஈரமாக இருந்தது. அவள் தன் சுண்டு விரலை அதில் ஒற்றிக்கொண்டாள். ஒன்பது நாளில் வீசா புதுப்பிக்கப் போக வேண்டும். வெளிநாட்டுக்காரி விரலில் தேர்தல் மை! அந்த ஒன்பது நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எலுமிச்சைத் தேசிக்காய் ஆறு, சாம்பல் மூன்று தடவை, தேங்காய் எண்ணெய் கணக்கில்லை. மை போகவில்லை. வீசா அலுவலகத்தில் இருந்த பெண் அலுவலர் கடவுச்சீட்டை வாங்கும்போது விரலைப் பார்த்துவிட்டு, வாக்குப் போட்டீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. இவள் சிரித்துக்கொண்டே "மகே நெவெயி, மஹத்தயாகே" என்றாள். என்னுடையதல்ல, ஐயாவுடையது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு முத்திரையைக் குத்தினார். வெளியே வந்து நான் இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தேன்.

இவ்வளவும் சொன்னவன் இதையும் சொல்ல வேண்டும். 2018இல் நான் அவளை ஏமாற்றினேன்.

அப்போது எங்கள் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளையின் தகப்பனார், அதாவது என் சம்பந்தி, எங்கள் வட்டாரத்தில் போட்டியிட்டார். தங்கமான மனிதர். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் நடுவே ஓடும் ஓடைக்குப் பாலம் போடுவேன் என்றார். பாலம் என்று இப்போது இருப்பது இரண்டு தென்னங்குற்றியும் அவற்றின்மேல் அடித்த பதினொரு பலகையும்தான். அவள் தினமும் மாட்டுக்குப் புல் அறுக்க அதைத் தாண்டித்தான் போவாள். இவர் செய்ய மாட்டார் என்று சொல்லி, வேறு சின்னத்துக்குப் போடச் சொன்னாள். நான் மகளை நினைத்தேன். சம்பந்திக்குப் போட்டேன். அவளிடம், நீ சொன்னபடியே போட்டேன் என்றேன்.

சம்பந்தி வென்றார். பாலம் வரவில்லை. பாலத்தில் பாதி தோட்டத்துக்குச் சொந்தம், பாதி கிராமத்துக்குச் சொந்தம், எந்தப் பாதியை நான் கட்டுவது என்று நான்கு வருடமும் கேட்டுக்கொண்டிருந்தார். மறு வருடம் மழையில் ஏழாவது பலகை விட்டுப்போய் அவள் விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டோடு ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் மாட்டுக்குப் புல் அறுத்தவன் நான். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்த வருடம் சம்பந்தி மறுபடியும் நின்றார். அவரை எதிர்த்து, கீழ்க் கிராமத்தில் சிறு பிள்ளைகளின் பாலர் பாடசாலை நடத்தும் ஒரு சிங்களப் பெண்ணும் நின்றார். தேர்தலுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது சம்பந்தி வாக்குக் கேட்டு வீட்டுக்கு வந்தார். துணைக்கு, பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர் நானாவும் வந்தார். பின்னேரம் நான்கு மணிக்கு உட்கார்ந்தவர்கள் ஏழு மணிக்குத்தான் எழுந்தார்கள்.

வந்ததும் சம்பந்தி பட்டியலைப் பிரித்து, இந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்றார். ஒன்று என்றேன். மகள் கலியாணமாகி அவர் வீட்டு விலாசத்துக்கு மாறிவிட்டாள். தேநீர் கொண்டு வந்த இவள், "மூணு வேளையும் சமைக்கிறது ஒருத்தி, ஓட்டு மட்டும் அவருக்கு" என்றாள். அங்கே பிடித்தது விவாதம். சம்பந்திக்கு இந்த விசயத்தில் ஒரே கொள்கை. பிரஜை அல்லாதவருக்கு வாக்குக் கூடாது, சின்னத் தேர்தலானாலும் கூடாது.

"வீசால இருக்கிறவங்களுக்கெல்லாம் ஓட்டு குடுத்தா, நாளைக்கு இரத்தினபுரிக்கு மாணிக்கக் கல்லு வாங்க வர்ற தாய்லாந்துக்காரனும் வரிசையில நிப்பான் சம்பந்தி. அப்புறம் நம்ம அப்பன் பாட்டனெல்லாம் இந்த ஓட்டுக்கு கத்துனதுக்கு என்ன மரியாத?"

நானா மெல்லச் சொன்னார். "என்ட மகன் கட்டார்ல பதினேழு வருஷம். அங்க அவனுக்கு வோட்டு இல்ல. இங்க இருக்கிற வோட்டப் போட வரவும் ஏலா. அப்ப அவன் எந்த ஊர்ட ரோட்டுக்கு ஏசுற?"

இவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னாள். "தாய்லாந்துக்காரன் கல்ல வாங்கிக்கிட்டு போயிருவான் சம்பந்தி. நான் நாளைக்கும் அந்த பலகையில நடக்கணும்."

என்னை என் கருத்துக் கேட்டார்கள். நான் மென்று விழுங்கினேன். என் கருத்து என்ன என்பதை இப்போது எழுதுகிறேன். வாக்காளர் பேர்ப்பட்டியலான இடாப்பைத் திறக்கப் போகிறார்கள் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் வருவது நியாயம் பற்றிய யோசனை அல்ல, பயம்தான். திறக்கிற இடாப்பில் பேரைச் சேர்க்கவும் முடியும், வெட்டவும் முடியும். எங்கள் அப்பாவின் பேர், சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டத் தமிழரின் குடியுரிமையோடு சேர்த்து வெட்டப்பட்ட பேர். ஆகவே சம்பந்தியின் பக்கம் ஒரு கால் எனக்கு உண்டு. ஆனால் நாட்டை யார் ஆள்வது என்பது வேறு, பலகையை யார் மாற்றுவது என்பது வேறு. பத்து வருடம் ஒரே ஓடையைத் தாண்டியவருக்கு அந்த ஓடையைப் பற்றிச் சொல்ல ஒரு புள்ளடி கொடுத்தால் குடி முழுகிவிடாது. அன்றைக்கு இதை நான் சொல்லவில்லை. சம்பந்தி முகத்தைப் பார்த்து, என் ஓட்டைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அது பொய்யும் அல்ல, உண்மையும் அல்ல.

தேர்தலன்று காலை அடையாள அட்டையை மூன்று தடவை, வாக்காளர் அட்டையை நான்கு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். வழக்கமாக வாசல் படலையைத் தாண்டும்போதே சின்னத்தைச் சொல்லிவிடுவாள். அன்று ஒன்றும் சொல்லவில்லை. பலகைப் பாலத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போனோம். அக்கரையில் பொறுக்க முடியாமல் நானே கேட்டேன், எதுக்குப் போடுறது என்று.

"போன தடவ நான் சொன்னதுக்கா போட்டீங்க?"

ஏழு வருடம். அவ்வளவு காலமும் அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மறுநாளு சம்பந்தி வீட்டுக்கு போனோமே. அவரு மொகத்த நேரா பாத்து பேசுனீங்க. நான் சொன்னதுக்கு போட்டிருந்தா அப்படி பாத்திருக்க மாட்டீங்க. ஒங்களுக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது?"

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் குடையை விரித்தாள். மழை இல்லை.

"அதுக்காக இந்த தடவ எனக்கு போட வேணாம். சட்டப்படி அது ஒங்களோடதுதான். நான்தான் எடுத்துக்கிட்டு இருந்தேன். ஒங்களுக்கு பிடிச்சதுக்கு போட்டுட்டு வாங்க."

இப்படிச் சொல்லிவிட்டுப் பலா மரத்தடிக்குப் போய்விட்டாள். வரிசையில் எனக்கு முன்னால் பதினான்கு பேர். விரலில் மை வைத்தார்கள், சீட்டுக் கொடுத்தார்கள். தடுப்புக்குள் போய்ச் சீட்டை விரித்தேன். சம்பந்தியின் சின்னம் மேலிருந்து மூன்றாவது. பாலர் பாடசாலைப் பெண்ணின் சின்னம் ஆறாவது. எனக்குப் பிடித்தது எது? சம்பந்தியைப் பிடிக்கும். மகளுக்கு அவர் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. அந்தப் பெண்ணோடு நான் இரண்டு தடவைக்கு மேல் பேசியதே இல்லை. என் மனைவி கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெண்ணுக்குப் போட்டிருப்பேன். கேட்காமல் விட்டதுதான் கையைப் பிடித்தது. அறுபது வரை எண்ணியிருப்பேன். பேனா எழுதவில்லையா ஐயா என்று அலுவலர் ஒருவர் சிங்களத்தில் கேட்டார். எழுதுகிறது என்றேன்.

ஆறாவது கட்டத்தில் புள்ளடி போட்டேன். கடனைத் தீர்ப்பதற்காக அல்ல. அந்த ஓடையைப் பற்றி எங்கள் வீட்டில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

வெளியே வந்தபோது அவள் என் விரலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "வாங்க, மாட்ட அவுக்கணும்" என்றாள். திரும்பும்போது பாலத்தில் நான் முன்னால் போய்க் கையை நீட்டினேன். முப்பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை என்று கேலி செய்துகொண்டே பிடித்துக்கொண்டாள். முதல் தடவை அல்ல, நான்காவது.

சம்பந்தி தோற்றுப்போனார். எத்தனை வாக்கில் என்பது எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். மறுநாளிலிருந்து அவர் தொலைபேசியில் கூப்பிடத் தொடங்கினார். ஐந்து நாளில் ஒன்பது தடவை. நான் எடுக்கவில்லை. ஆறாம் நாள் காலையில் அவள் வெளியே போகும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். இப்படியே விட்டால் நீங்கள் மூச்சு முட்டிப் போய்விடுவீர்கள், போய்ச் சொல்லிவிட்டு வருவோம் என்றாள். முச்சக்கர வண்டி பிடித்தோம்.

சம்பந்தி வாசலுக்கு வந்து வரவேற்றார். மகள் தேநீர் ஊற்றப் போனாள். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தேர்தலில் என் வாக்கு அவருக்கு விழவில்லை என்பதை, பிரதேச சபை வாக்கு எங்கள் வீட்டில் அவளுடையது என்பதை, 2018இல் நான் செய்ததை. எட்டு நிமிடம் பேசியிருப்பேன். சம்பந்தி முகம் சிறுத்துப்போயிருந்தது. பிறகு என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் ஒங்ககிட்டல்ல ஓட்டு கேட்டிருக்கணும் சம்பந்தியம்மா? இந்த மனுசன்கிட்ட மூணு மணித்தியாலத்த வீணாக்கிட்டேனே."

"அடுத்த தடவ என்கிட்ட கேளுங்க. வர்றப்ப பலகையில நடந்து வாங்க, வண்டியில சுத்தி வராதீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டம் சட்டம்தான், அதில் தன் கொள்கை மாறாது என்று எனக்கு விரலை நீட்டிச் சொன்னார். அதன் பிறகு எங்களைப் பகல் சாப்பாட்டுக்கு இருக்க வைத்தார். பாலத்தில் எத்தனை பலகை, அகலம் எவ்வளவு, மழையில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். தோற்ற பிறகு கேட்டு என்ன செய்யப்போகிறார் என்று தெரியவில்லை. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். இரண்டு மணிக்குத்தான் எழுந்தோம்.

அன்றைக்கு நான் எழுதி வைத்த செலவுக் கணக்கு: முச்சக்கர வண்டி போக வர, காத்திருந்த கூலியோடு, ஆயிரத்து எண்ணூறு. சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோன கதலிப்பழம் ஒரு சீப்பு முந்நூற்று நாற்பது. பிஸ்கட் இரண்டு பக்கெட் முந்நூற்று அறுபது. வெற்றிலை பாக்கு எண்பது. மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூற்று எண்பது ரூபா.