பின்சீட்டு மனுஷங்க

ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவளின் முதுகுதான் ஜனங்களுக்குத் தெரியும், முகம் தெரியாது. ராபர்ட்சன்பேட்டைக்கும் பங்காருபேட்டைக்கும் நடுவே முட்டியோடு முட்டி இடிபட்டுப் போய்வரும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதல் சவாரி

முதல் நாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். வந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்ததும் பின்னால் நின்ற வண்டிக்குப் போனார்கள். பொம்பளை ஓட்டுகிறாளே என்று பயம். மத்தியானம் வரை சீட்டு காலி. ஒரு சவாரியாவது ஏற்றாமல் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்து ஏறினார். "யோசிக்காம ஏறிட்டீங்களே" என்றேன்.

"கேஜ்னு இரும்புக் கூண்டு, அதுல ஏறி பூமிக்குள்ள எறங்குவோம். மேல இஞ்சின் ஓட்டி எங்கள எறக்கறவன் மூஞ்சிய ஒரு நாளும் பாத்ததில்ல. நீ கண்ணெதிர்க்க உக்காந்துனு கீற, போம்மா."

தோள்

காலை ஷிஃப்டுக்குப் போகிற ஒரு தம்பி. பக்கத்தில் இருந்த ஆள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஃபேக்டரி கேட்டில் நிறுத்தினால் தம்பி இறங்கவில்லை. போங்க என்று கையை மட்டும் அசைக்கிறான். பங்காருபேட்டை ஸ்டேஷனில் அந்த ஆள் விழித்து, யார் தோள் என்றுகூடப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

"ஷிஃப்டுக்கு லேட்டாச்சே, எழுப்பக் கூடாதா?" என்றேன். மரத்துப்போன கையை உதறிக்கொண்டே சொன்னான்: "தெரிஞ்சவரா இருந்தா எழுப்பியிருப்பேன்க்கா."

பாதி வழியில்

பங்காருபேட்டையில் ஒரு நிறைமாசப் பெண் தனியாக ஏறினாள். வடக்கே எங்கிருந்தோ வந்தவள். அவள் பேச்சு யாருக்கும் புரியவில்லை. பாதி வழியில் வலி எடுத்துவிட்டது. பூதிகோட்டையிலிருந்து கீரை விற்க வந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் வண்டியைத் திருப்பினேன். கிட்டத்து ஆஸ்பத்திரி வந்த வழியில்தான் இருந்தது.

"அண்ணன் பொண்ணு நிச்சயதார்த்தம், நான் போவணும்" என்று சத்தம் போட்டார் சலவைச் சட்டைக்காரர் ஒருவர்.

"எறங்கிக்கோங்க சார், வேற வண்டி வரும். நான் ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்."

இறங்கவில்லை. வழியெல்லாம் முனகினார். ஆஸ்பத்திரியில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியவரும் அவர்தான். அப்புறம் அவர், கீரைக்கார அம்மா, நான் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், யாரும் கிளம்பவில்லை.

நர்ஸ் வெளியே வந்தாள். "பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. நீங்க அவங்களுக்கு இன்னா வேணும்?"

ஒருவர் முகத்தை ஒருவர் அப்போதுதான் சரியாகப் பார்த்தோம். சலவைச் சட்டைக்காரர் சொன்னார்: "ஒரே ஆட்டோங்க."

இப்படிப்பட்டவர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி நேரத்துக்கு ஊர் போய்ச் சேர்ந்தால்தான் அதிசயம்.