பாவுக்கு அடியிலிருந்த தணல்

வீடு போய்ச் சேரும்வரை மழை தனக்காகக் காத்திருக்கும் என்பது எங்கள் அப்பாவின் நம்பிக்கை. அந்தப் பெருமழை வருடத்தில் வந்தவாசியிலிருந்து சென்னைக்கு எங்களைக் கிளப்பியதும் அந்தத் தைரியத்தில்தான். காஞ்சிபுரத்தின் ஓரத்தில், செவிலிமேட்டில் பஸ் நின்றுவிட்டது. முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர்.

பஸ் கூரை ஒழுகி, அம்மா மடியிலிருந்த கைக்குழந்தைத் தம்பி தொப்பலாக நனைந்திருந்தான். ஓயாமல் அழுதவன் சட்டென்று அடங்கியதும் நான் ‘அப்பாடா’ என்றேன். அம்மாவோ அவன் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்து அலறினாள்.

ஓடிப்போய் முதலில் தெரிந்த கதவைத் தட்டினோம். நெசவாளர் வீடு. திறந்த அக்கா யார், எவர் என்று கேட்கவில்லை.

“ஐயோ, புள்ள ஜில்லுனு இருக்குதே! உள்ள வாம்மா மொதல்ல.”

பாதி வீட்டைத் தறி அடைத்துக்கொண்டிருந்தது. பாவாக இழுத்துக் கட்டிய பட்டு நூலுக்கு அடியில், ஈரம் ஏறாமலிருக்க, ஒரு சட்டியில் கரி கனன்றது. நூலுக்கு வந்த வாழ்வைப் பார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அக்காவின் கணவர் குனிந்து அந்தச் சட்டியைத் தூக்கினார்.

“ஏங்க, பாவு ஈரமாயிடுமே. முகூர்த்தப் பொடவையாச்சே,” என்றார் அக்கா.

“இருக்கிற கரி இவ்ளோதான். புள்ளைக்கு வெய்யி.”

அக்கா உடனே தன் பழைய புடவையைக் கிழித்து, தணலில் சூடு காட்டிக் காட்டித் தம்பியின் மார்பிலும் காலிலும் ஒற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவன் வீறிட்டான். அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எதற்கு இப்போது அழுகை என்று நான் விழித்தேன்.

அந்தத் தம்பிதான் இன்று எங்கள் வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறான். அவன் போடும் கூச்சல் தாங்காமல் காதைப் பொத்தும்போதெல்லாம், பேர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்ட அந்த இருவரையும் மனதாரக் கும்பிடுகிறேன்.

அந்த இரவு விடிந்ததும் மழை விட்டது; ரோட்டில் தண்ணீரும் வடிந்திருந்தது. அக்காவின் கணவர் தறியருகே போய்த் தொய்ந்துகிடந்த நூலை விரலால் தூக்கிப் பார்த்தார். இழைகள் அறுந்து கையோடு வந்தன. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“இன்னிக்கு எனக்கு லீவும்மா.”

நம்மால்தான் அவருக்கு லீவு கிடைத்தது என்று, பஸ்ஸில் வழியெல்லாம் தம்பியிடம் பெருமையடித்துக்கொண்டே வந்தேன்.