நடுவில் வெள்ளை

புராஜெக்ட் வைவாவில் ஊற்றிக்கொண்டால் கைக்கு வந்த வேலை போய்விடும். புதுச்சேரியில் எங்கள் கல்லூரிக்கு வந்த தேர்வாளரோ, தன் சட்டைப் பொத்தானைத் திருகித் திருகியே ஆளைக் கொல்பவர்.

“கேட்டலிஸ்ட் உருண்டைக்குள்ள கேஸ் எவ்ளோ ஆழம் போவுதுன்னு பாக்க பக்கம் பக்கமா கணக்கு வரும். நீ இன்னாப்பா, ரெண்டே வரி?”

“கேஸ் நடுவுக்குப் போவறதுக்குள்ள மேல்தோல்லயே ரியாக்ட் ஆயி தீந்துடும் சார். போவாத எடத்துக்கு எதுக்குக் கணக்கு?”

“திமிரு.” லேபில் என் சோதனையில் கறுத்திருந்த உருண்டை ஒன்றை எடுத்தார். “ரியாக்ட் ஆன எடம் கறுக்கும். உள்ளயும் கறுப்பா இருந்தா அடுத்த வருஷம் வா.”

பிளேடால் பிளந்தார். மேலே மெல்லிய கறுப்பு வளையம், நடுவெல்லாம் வெள்ளை.

“பாஸ். போ.” வாசலுக்குப் போனவனை நிறுத்தினார். “என் பிஎச்டி மொத்தமும் அந்தப் பக்கம் பக்கமான கணக்குதாம்பா.”

வெளியே “மச்சி, பாஸா?” என்று பசங்கள் மொய்த்தார்கள். தலையை மட்டும் ஆட்டினேன். ஏனோ கத்த வரவில்லை.